வண்டியில் இறங்கிவந்த நான்கு செடிகள்

கேமரன் மலைக்குப் போய்வரும்போது கையில் செடியோடு திரும்பும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

சென்ற பள்ளி விடுமுறையின்போது நம் செடி வளர்ப்போர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு படம் வந்தது. வண்டியின் பின்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள் நான்கைக் கிடத்தியிருந்தார்கள். வேரில் பாசி கொத்தாக ஒட்டியிருந்தது. ஒன்றின் தண்டு பாதியில் முறிந்திருந்தது. “பிரிஞ்சாங் காட்டில் கிடைத்தது, அழகாக இல்லையா?” என்று கீழே ஒரு வரி. இதயமும் கைதட்டலும் வரிசையாக விழுந்தன. “அடுத்த முறை எனக்கும் ஒன்று, அண்ணே” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

படம் போட்டவரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகவும் இதை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பக்கத்தில் நானும் நிற்க வேண்டியிருக்கும்.

நான் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஏறினால் காடு. அங்கே கண்ட இந்தச் செடியை எங்கள் வீட்டில் ‘குரங்குச் செம்பு’ என்போம்; மலாய்க்காரர்கள் ‘பெரியுக் கெரா’, அதாவது குரங்கின் பானை என்று சொல்வதை அப்பா அப்படி மாற்றிவைத்திருந்தார். பன்னிரண்டு வயதில் தாழ்நிலத்துக் கிள்ளானுக்கு வந்துவிட்டோம். பல ஆண்டுகள் கழித்து மலைக்குப் போனபோது சாலையோரக் கடையில் அதே குரங்குச் செம்பு பிளாஸ்டிக் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து வெள்ளி (ரிங்கிட்). “தினமும் தண்ணீர் ஊற்றினால் போதும் அக்கா” என்றாள் கடைக்காரப் பெண். விட்டுப்போன ஊரையே விலைக்கு வாங்கியதுபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரத்தில் குடுவைகள் ஓரத்திலிருந்து காயத் தொடங்கின. புதிய இலைகள் வந்தன, ஆனால் நுனியில் குடுவை பிடிக்கவில்லை. கருகிய நூல்போல ஒரு முனை மட்டும் தொங்கியது. பசிக்கிறது போலும் என்று உரம் போட்டேன். அதைவிட மோசமான காரியம் வேறு இல்லை என்று பிறகு தெரிந்தது. சத்தே இல்லாத மண்ணுக்குப் பழகிய வேர் அது. மூன்றாம் மாதம் செடி போய்விட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படிச் சொல்லாத சாவு நடந்திருக்கும் என்பதுதான் இந்த மடலை எழுதத் தூண்டிய கேள்வி.

என் கைராசி சரியில்லை என்றே நீண்ட காலம் நினைத்திருந்தேன். சிக்கல் கையில் இல்லை, இரவில் இருந்தது. கிள்ளானில் நள்ளிரவிலும் வெப்பம் 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் அதே நேரம் 15 பாகை அளவுக்கு இறங்கிவிடும். பிரிஞ்சாங் உச்சியில் இன்னும் குளிர். பகலில் வெயிலைக் கொண்டு சமைத்த சர்க்கரையை இரவில் செடி மூச்சுவிட்டே செலவழிக்கிறது. குளிர்ந்த இரவில் செலவு குறைவு, மிச்சம் பிடிக்கலாம். வெக்கையான இரவில் பகல் சம்பாத்தியம் முழுதும் விடிவதற்குள் கரைந்துவிடும். நம் வீட்டு மாடத்தில் அது மெல்ல மெல்லக் கடனாளியாகிச் செத்தது. நாம் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் அந்தக் கடன் அடையாது.

இனி அது யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயர் தெரியாமல்தான் பலரும் பிடுங்குகிறோம். படத்தில் இருந்த நான்கில் குறைந்தது மூன்று, நெப்பந்தஸ் மக்ஃபார்லேனி என்ற இனம். 1905இல் ஹெம்ஸ்லி என்ற தாவரவியலாளர் விவரித்துப் பெயரிட்டார். மக்ஃபார்லேன் என்பவர் இந்தக் குடும்பத்துச் செடிகளையெல்லாம் ஒரே நூலில் தொகுத்த பேராசிரியர். மலைக்கு 1885இல் வந்த நில அளவையாளர் கேமரனின் பெயர், செடிக்குப் பேராசிரியரின் பெயர். இருவருக்கும் முன்பே அங்கே வாழ்ந்துவரும் பூர்வகுடிகளான செமாய் மக்களைக் கேட்டுவிட்டு யாரும் பெயர் வைக்கவில்லை.

இந்த இனம் மலேசியத் தீபகற்பத்தின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. போர்னியோவில் இல்லை, சுமத்ராவில் இல்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டருக்கு மேலே தொடங்கி 2,150 மீட்டர்வரை காணப்படுகிறது. அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு: குடுவையின் மூடியை லேசாகத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். அருகிலேயே வளரும் சாங்குயினியா என்ற சிவப்புக் குடுவைக்கு அப்படி இருக்காது. தரையோரக் குடுவைகள் குண்டாக, செம்புள்ளிகளோடு இருக்கும். தண்டு மேலே ஏறிய பிறகு வரும் குடுவைகள் வெளிறி, வேறு வடிவில் தொங்கும். ஒரே செடி இரண்டு மாதிரிக் குடுவை விடுவதைத் தெரியாமல் இரண்டு இனம் என்று நினைத்து, ‘இது ஒன்று, அது ஒன்று’ எனப் பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பிரிஞ்சாங்கின் உயரம் 2,031 மீட்டர். அதிலிருந்து பாதை நீளும் ஈராவ் மலை பகாங், பேராக் எல்லையில் 2,110 மீட்டரில் நிற்கிறது. லேன்ட் ரோவரில் ஏறி, மரப்பாலத்தில் நாற்பது படங்கள் எடுத்து, ஸ்ட்ராபெரி வாங்கக் கீழே இறங்கிவிடும் நாம் அந்தக் காட்டுக்குள் நின்று பார்ப்பதே இல்லை. ஒரு முறை நின்று பாருங்கள். மரங்கள் குட்டை, வாதம் வந்த கைபோல முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். எந்தக் கிளைக்கும் சொந்தத் தோல் தெரியாது, எல்லாம் பாசி. மழை பெய்யாத நாளிலும் சொட்டுச் சத்தம் கேட்கும். மேகம் கிளைகளுக்குள் புகுந்து பாசியில் நீராகி விழுகிற சத்தம் அது. காலடியில் மண் என்று நாம் நினைப்பது உண்மையில் மண் இல்லை. மட்கியும் மட்காமலும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இலைதழை. கால் வைத்தால் அமுங்கி நீர் கசியும். புளிப்பேறிய அந்தக் குளிர் மெத்தையில் எதுவும் சீக்கிரம் மட்காது. அதனால் தழைச்சத்து (நைட்ரஜன்) இருந்தும் வேருக்கு எட்டாது. எட்டாததைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளத்தான் இந்தச் செடி குடுவையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

குடுவை என்பது பூ இல்லை. இன்னும் பலர் ‘பூ வாங்கினேன்’ என்கிறார்கள். இலை நுனியிலிருந்து கொடிபோல் நீளும் பகுதிதான் பருத்து, உள்ளே குழிந்து, மூடியும் வைத்துக்கொள்கிறது. மூடியிலும் வாய்விளிம்பிலும் தேன். விளிம்பு உலர்ந்திருக்கும்போது எறும்பு தாராளமாகப் போய்வரலாம். நனைந்ததும் வரிவரியான அந்த விளிம்பில் மெல்லிய நீர்ப்படலம் நின்றுவிடுகிறது, எறும்பின் கால் பற்ற இடமில்லை. ஈர விளிம்பு வழுக்குவதை 2004இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பிறகு போர்னியோவில் வளரும் உறவுச் செடி ஒன்றில் இன்னும் சுவையான சேதி கிடைத்தது. விளிம்பு அவ்வப்போது உலர்வது செடிக்கு நட்டமில்லை. தப்பிப்போன எறும்பு கூட்டாளிகளை அழைத்துவருகிறது, விளிம்பு நனையும் நேரத்தில் கூட்டமாக விழுகிறது. பிரிஞ்சாங்கில் மூடுபனி வந்து வந்து விலகுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வியாபாரத் தந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. நம் வீட்டு மாடத்தில் மூடுபனி ஏது? குழாயைத் திறந்து தெளிக்கிறோம், அரைமணியில் காய்ந்துவிடுகிறது.

செடி தனியாள் இல்லை என்பதற்குப் போர்னியோ மலைகளில் இதைவிட வேடிக்கையான கதை இருக்கிறது. அங்கே லோவி என்ற குடுவைச் செடியின் மூடியில் சுரக்கும் வெண்ணிறப் பண்டத்தை நக்க மர மூஞ்சூறு வருகிறது. நக்க வசதியாக உட்காரும் இடம் குடுவையின் வாய்க்கு நேர் மேலே. சாப்பிட்டபடியே உள்ளே கழித்துவிட்டுப் போகிறது. 2009இல் வெளிவந்த ஆய்வின்படி அந்தச் செடியின் இலைகளிலுள்ள தழைச்சத்தில் 57 முதல் 100 விழுக்காடுவரை அந்தக் கழிவிலிருந்தே வருகிறது. அந்தச் செடியைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவர், கூடவே ஒரு மூஞ்சூறையும் வேலைக்கு அமர்த்த வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான ஒன்று. குடுவைச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரே செடியில் இரண்டு பூவும் வராது. பூக்காத நிலையில் எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. விதையிலிருந்து முளைத்துப் பூக்கும் வயதுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். இப்போது பாதையோரத்து மேட்டை நினைத்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு அங்கே இருபது செடி தெரிகிறது. அதில் பதினைந்து இன்னும் பூக்காத குஞ்சுகள். மிச்சம் ஐந்தில் பெண் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். நாம் பிடுங்குவது எதை? குஞ்சையா? பெரிதாக, குடுவை நிறையத் தொங்குவதைத்தான் பிடுங்குவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருபவரும் அதைத்தான் பிடுங்குவார். அதன்பின் அந்த மேட்டில் ஆண் செடிகள் பூத்துப் பூத்து உதிரும். பச்சைப் பசேலென்று இருக்கும் இடத்தில் சந்ததி நின்றுபோயிருக்கும், நமக்குத் தெரியாது.

“காட்டையே லோரி லோரியாகச் சரித்துத் தள்ளுகிறார்கள், பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் காய்கறி போடுகிறார்கள், அதைக் கேட்க ஆளில்லை, என் ஒரு செடிக்கு வந்துவிட்டாயா?” என்று கேட்பீர்கள். நியாயமான கோபம். மலையைச் சரித்த மண் ஆற்றில் இறங்கி ரிங்லெட் ஏரியை மேடாக்கியதை நாம் பார்த்தோம். 2013 அக்டோபரில் அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனதையும் மறக்கவில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் மண்வாரி இயந்திரம் ஏறாத இடத்தில், காய்கறி விளையாத உச்சியில், நம் கை ஏறுகிறது. பெரியவன் பெரிதாகத் திருடுகிறான் என்பதால் சின்னத் திருட்டு புண்ணியமாகிவிடுமா என்று லயத்தில் கிழவிகள் கேட்பார்கள். அதற்குமேல் எனக்கும் பதில் இல்லை.

கைகளால் மட்டுமே ஓர் இனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் கெலாம் என்ற மலை சாட்சி. காட்டின் நடுவே ஒற்றைக் கற்பாறை. அதன் செங்குத்தான முகத்தில் மட்டுமே கிளிப்பியாட்டா என்ற குடுவைச் செடி வளர்கிறது. உலகத்தில் வேறு இடமில்லை. வட்ட இலை, அரிய வடிவம், ஆகவே சேகரிப்பாளர்களுக்கு வெறி. பாறையில் தொங்கிக்கொண்டு பறித்தார்கள். 1997-98 வறட்சியும் தீயும் வேறு வந்தன. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களில் ஒன்று. அந்தப் பாறையை யாரும் உழவில்லை, யாரும் அதில் வீடு கட்டவில்லை.

நம் மக்ஃபார்லேனி அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று மிகைப்படுத்த மாட்டேன். பல மலைகளில் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கு எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. தீபகற்பத்தின் உயரமான சிகரம் தஹான், 2,187 மீட்டர். செடி ஏற்கெனவே 2,150இல் நிற்கிறது. காற்று சூடாகும்போது கீழ்மலைச் செடிகள் குளிர் தேடி மேலே நகரலாம். உச்சியில் நிற்பது எங்கே நகரும்?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக இல்லை. நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து உரிமமின்றி செடியோ விதையோ எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டப்படி குற்றம். குடுவைச் செடி இனங்கள் எல்லாமே, அரிய உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ராஜா என்ற இனமும் இந்தியாவின் மேகாலயாவில் வளரும் காசியானாவும் கடுமையான முதல் பட்டியலில், மற்றவை இரண்டாம் பட்டியலில். ஆகவே சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கும் சென்னையிலிருக்கும் சித்தப்பாவுக்கும் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோவது அன்பளிப்பு என்று சுங்கத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

சாலையோரக் கடைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் நல்லவர்களாகிவிட முடியாது. காட்டுக்குள் போய்ப் பிடுங்கிக் கொடுக்கும் பையனுக்கு ஒரு செடிக்குக் கிடைப்பது சில வெள்ளி. அவனும் பல வேளைகளில் நம் லயத்துப் பிள்ளை, அல்லது பூர்வகுடிப் பிள்ளை. நாம் பதினைந்து வெள்ளி நீட்டுவதால்தான் அவன் காலையில் ஏறுகிறான். ‘இது நாற்றங்காலில் வளர்த்ததா?’ என்று நாம் கேட்கத் தொடங்கினால், கேட்டுவிட்டு வாங்காமல் போகத் தொடங்கினால், அந்தப் பைகள் கொக்கியிலேயே தொங்கும். நாற்றங்கால் செடியைக் கண்டுகொள்வதும் கடினமில்லை. சட்டியிலேயே வளர்ந்த வேர், ஒரே அளவில் பழுதில்லாத இலைகள். காட்டுச் செடிக்கு இலையில் பூச்சி கடித்த வடு, பழைய பாசி, முறிந்த தண்டு, வேரில் கறுப்பு மட்கு.

குடுவைச் செடி வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மாடத்தில் இப்போது ஆறு இருக்கின்றன. எல்லாம் தாழ்நிலத்துச் செடிகள். ஆம்புல்லாரியா இருக்கிறது, உருண்டைக் குடம்போலத் தரையில் கொத்தாகக் காய்த்து நிற்கும், மூடியைப் பின்னால் மடித்துவைத்துக்கொண்டு மேலிருந்து விழும் இலைச் சருகையும் வாங்கித் தின்னும். சைவத்துக்குப் பாதி மாறிவிட்ட செடி என்று என் மகன் கேலி செய்வான். கிராசிலிஸ் இருக்கிறது; கிள்ளான் வெக்கை அதற்குச் சொந்த ஊர். இரண்டையும் நண்பர் தந்த தண்டுத் துண்டிலிருந்து வேர்விட வைத்தேன். உரமில்லா தென்னை நார், மழைநீர், காலை வெயில், அவ்வளவுதான். யாருக்கு வேண்டுமோ கேளுங்கள், துண்டு வெட்டித் தருகிறேன். தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ வீடு இருப்பவர்கள் மலைச் செடியே வளர்க்கலாம். அவர்கள் திசு வளர்ப்பில் உருவான கன்றை வாங்கட்டும். இலங்கை மலையகத்திலிருந்துகூட அப்படி வளர்த்த குடுவைச் செடிகள் உரிய தாள்களோடு உலகெங்கும் போகின்றன. தேயிலை மலையின் குளிர் அங்கேயும் அந்த வேலைக்கு உதவுகிறது.

கடைசியாக, அந்த நான்கு செடிகள். படம் போட்ட அண்ணனுக்கு நேரடியாகவே சொல்கிறேன். அவற்றை மறுபடி காட்டில் கொண்டுபோய் நட வேண்டாம். நம் வீட்டுச் சட்டிகளிலிருந்து பூஞ்சையோ பூச்சியோ கூடவே ஏறிப் போய்விடும். உரம் போடாதீர்கள். முறிந்த தண்டை எறியாதீர்கள், அதிலிருந்தும் வேர் வரும். வேரைப் பாசியோடு ஈரத்துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில், முடிந்தால் இரவில் குளிரூட்டி ஓடும் அறையில் வையுங்கள். தானா ராத்தாவில் என் மாமா மகள் வீட்டுப் பின்கட்டில் நிழலான திண்ணை இருக்கிறது, அவளிடம் பேசிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படுகிறேன், வெயில் ஏறுவதற்குள் மலையடிவாரத் தாப்பாவைத் தாண்டிவிடலாம். வெள்ளி இரவுக்குள் செடிகளை என் வீட்டில் கொடுத்துவிடுங்கள். நீங்களும் வருவதென்றால் வண்டியில் ஓர் இடம் இருக்கிறது. பின்பெட்டியைக் காலியாக வைத்திருப்பேன்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு தோட்டத்துப் பெண்